டிஸ்க் நிறைந்தது, ஃபைலைக் காணோம்

மாட்டுத்தாவணி பூக்கடைகளுக்கான பில்லிங் சர்வர். மல்லிகை வந்து இறங்கும் அதிகாலையில் பில் சேவ் ஆகவில்லை. 'டிஸ்கில் இடமில்லை' என்று எரர். டிஸ்கின் மொத்த நிலவரம் சொல்லும் டிஎஃப் -எச் கட்டளையைப் போட்டால் 40 ஜிபியும் நிறைந்திருக்கிறது. ரூட்டாக (முழு அனுமதியோடு) ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ போட்டால் கணக்கு 11 ஜிபிதான் வருகிறது.

முதலில் டிஎஃப் கட்டளையை -ஐ (i) ஆப்ஷனோடு போட்டுப் பாருங்கள். ஐநோடு, அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய பதிவு எண், தீர்ந்தாலும் இதே எரர்தான் வரும். இங்கே அதில் குறையில்லை. அடுத்து சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1. அழித்த பிறகும் ஏதோ ஒரு ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் ஃபைல்களை அது காட்டிக்கொடுக்கும். வெப் சர்வரான எஞ்சின்எக்ஸின் 28 ஜிபி ஆக்சஸ் லாக் (வந்த கோரிக்கைகளின் பதிவு) சிக்கியது, வரியின் கடைசியில் 'டெலிட்டெட்' என்று. அழிக்கும் கட்டளையான ஆர்எம் ஃபைலின் பெயரை மட்டும்தான் எடுக்கும். எஞ்சின்எக்ஸ் அதை மூடும்வரை இடம் திரும்பாது.

லாகை மூடித் திறக்கச் சொல்லும் எஞ்சின்எக்ஸ் -எஸ் ரீஓப்பன் கொடுத்த சில நொடிகளில் இடம் வந்துவிட்டது, ரீஸ்டார்ட் தேவைப்படவில்லை. அதே கட்டளையை, பழைய லாகுகளை ஒதுக்கி அழிக்கும் லாக்ரொட்டேட்டின் போஸ்ட்ரொட்டேட் (ஒதுக்கிய பின் ஓடும்) பகுதியில் எழுதிவையுங்கள். லாகைக் காப்பி எடுத்துவிட்டு அசலை வெட்டிக் காலியாக்கும் காப்பிட்ரங்கேட் முறை எனக்குப் பிடிக்காது: காப்பி எடுப்பதற்கும் வெட்டுவதற்கும் இடையில் வரும் சில வரிகள் தொலைந்துபோகலாம்.

பதற்றத்தில் டிஸ்கைப் பெரிதாக்க வேண்டாம். ஈபிஎஸ் வால்யூமை (அமேசான் கிளவுடின் வாடகை டிஸ்க்) கூட்டலாம், பிறகு குறைக்க முடியாது; மாத வாடகையும் கூடிவிடும்.