காட்டுத் தெய்வத்தைப் பேச வைக்காதீர்கள்

கற்பனை உலகக் கதை எழுதும் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறில் ஒரு மொட்டைமாடியில் கூடி, எழுதியதை வாசித்துக் காட்டுவோம். மனிதக் கால் படாத காடு, அதைக் காக்கும் தெய்வம், யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி வாழும் அதன் சுபாவம் எல்லாம் எப்படியாவது ஒரு கதையில் வந்துவிடும். எனக்கு உயிரான விஷயம் இது. அதனால்தான் ஒரே மாதிரி தவறுகளில் கதைகள் சரிவதைப் பார்க்கும்போது மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

பெரிய தவறு, தெய்வம் சீக்கிரம் வந்து நின்றுவிடுவது. மூன்றாம் அத்தியாயத்திலேயே ஒளிவெள்ளம், பச்சைக் கண்கள், "மானிடனே" என்று ஆரம்பித்து இரண்டு பக்கப் பேச்சு. ஒதுங்கி வாழும் தெய்வத்துக்கு மேடை போட்டுக் கொடுத்தால் வாசகருக்குப் பயமும் வராது, பக்தியும் வராது. அது இருப்பது, அதைச் சுற்றியுள்ள மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் தெரிய வேண்டும்.

என் அம்மாவின் ஊர் எல்லையில் ஐயனார் கோயில்காடு ஒன்று உண்டு. வரிசையாக மண்குதிரைகள், பலவற்றுக்குக் கால் உடைந்திருக்கும். ஒன்றின் வயிற்றைத் தொடும்படி கறையான் புற்று வளர்ந்திருந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், பெரியம்மா என் பாவாடை ஓரத்தைப் பிடித்து நிறுத்தினார். காய்ந்த முள்குச்சி ஒன்று மாட்டியிருந்தது, விரல் நீளம்கூட இல்லை. அதைப் பிய்க்காமல் மெதுவாக எடுத்து, திரும்ப நடந்து போய் உள்ளே போட்டுவிட்டு வந்தார். "அங்க உள்ளது அங்கயே இருக்கட்டும்டி." ஐயனாரைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பல கோயில்காடுகளில் இதுதான் வழக்கம். விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்கமாட்டார்கள். சோழமண்டலக் கரையோரத்தின் பழைய காடு இன்று துண்டு துண்டாகவாவது மிஞ்சியிருக்கிறதென்றால், அந்தத் துண்டுகளில் பல இப்படிப்பட்ட கோயில்காடுகள்தாம். அதனால் உங்கள் தெய்வத்தின் உருவத்தை வர்ணிக்கும் முன்னால், எதை எடுக்கக் கூடாது, எப்போது நுழையக் கூடாது என்று அதன் விதிகளை எழுதிவிடுங்கள். காரணத்தை மட்டும் யாரையும் விளக்க விடாதீர்கள்.

அடுத்தது காடு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு பைன் மரம், பனி, ஓநாய் என்று எழுதுகிறோம். கற்பனை உலகம்தானே, எழுதலாம். ஆனால் தொட்டறியாத மரத்தை எழுதும்போது வெறும் பெயர்தான் வருகிறது. சர்தார் பட்டேல் சாலையில் பஸ் நெரிசலில் நின்றால், மதிலுக்கு அந்தப் பக்கம் கிண்டி தேசியப் பூங்கா. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. வெளிமான்கள் உள்ளே மேய்கின்றன. சிறுவர் பூங்காவைத் தாண்டி நாம் நினைத்தபடி உள்ளே போக முடியாது. நம் கரையோரக் காடு வானத்தை முட்டுவதில்லை. வீரை, காயா என்று குட்டையான, தடித்த இலை மரங்கள், இடையில் முள்ளும் கொடியும். சில இடங்களில் பத்தடிக்கு அப்பால் கண் போகாது. இந்தக் காட்டில் ஒளியும் தெய்வம் குனிந்துதான் நடக்கும். ஒரு காட்டை ஒழுங்காகப் பார்த்தாலே தெய்வத்தின் உடம்பு தன்னால் கிடைக்கும்.

அப்புறம், தெய்வத்தை அன்பான அம்மாவாக ஆக்கிவிடுவது. நாயகன் நல்லவன் என்பதற்காகக் காயத்தை ஆற்றுகிறது, பழம் தருகிறது. சங்கப் பாட்டுகளில் அணங்கு, சூர் என்ற சொற்கள் மலையிலும் சுனையிலும் உறையும் சக்தியைச் சொல்கின்றன. அங்கே முன்னால் நிற்பது அச்சம். மானும் உண்ணியும் அதற்கு ஒன்றுதான். மனிதன் அதற்கு முக்கியமே இல்லை என்றால்தான் அது ஒதுங்கி வாழ்வதற்கு அர்த்தம் இருக்கிறது.

கோபத்தை இடியாகவும் நெருப்பாகவும் காட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நினைத்த மாத்திரத்தில் எரிக்க முடியுமென்றால், முதல் கோடாலி விழுந்தபோது எங்கே போயிருந்தது? பள்ளிக்கரணையைப் பாருங்கள். தென்சென்னையின் மழைநீர் பல பக்கங்களிலிருந்து வந்து சேரும் சதுப்பு நிலம். வருஷக்கணக்கில் குப்பையும் கட்டடமும் அதைத் தின்று, மிஞ்சியது 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது யாரையும் பழிவாங்க வரவில்லை. தன் பழைய இடத்துக்கு வந்தது. கதையில் தெய்வத்தின் கோபம் அப்படி இருந்தால் எவ்வளவு பயமாக இருக்கும்!

என்னை ரொம்ப வருத்தும் தவறு வேறு. 'கால் படாத காடு' என்று எழுதி, அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்களை அழித்துவிடுகிறோம். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மண்ணில் இருக்கும் தடத்தை வைத்தே பாம்பு போன வழியைச் சொல்லக்கூடியவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் காடு எப்படி அந்நியமாகும்? கால் படாதது என்பது வெளியிலிருந்து வருபவனின் பேச்சு. அவர்களைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். நாயகனுக்கு வழிகாட்டிவிட்டு அம்பு பட்டுச் சாகிற கிழவராக மட்டும் வேண்டாம். அவர்களுக்கும் தெய்வத்துக்கும் இடையே பழைய ஒப்பந்தம் இருக்கட்டும், சண்டையும் இருக்கட்டும்.

பெயரில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். வாயில் நுழையாத நீளப் பெயரைவிட, ஊர்க்காரர்கள் பெயரே சொல்லாமல் 'மேலக்காட்டுப் பெரியவுக' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வது போதும்.

கடைசி அத்தியாயத்திலாவது தரிசனம் கொடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்பார்கள். போன மாதம் மாடியில் ஒரு தம்பி வாசித்த கதையில், புதருக்குள் ஊர்ந்து போகிறவன் ஒரு பெரிய பள்ளத்தைப் பார்க்கிறான். ஏதோ படுத்து எழுந்த இடம். நசுங்கிய புல் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருக்கிறது. அவன் வந்த வழியே பின்னால் ஊர்ந்து வெளியேறி, ஊருக்குப் போய், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறான்.