பின்மூலை விரிசல்: வேனை நானே சரிசெய்த கதை

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது, ஏறி வந்த பஸ்ஸுக்கு வழிவிட ரிவர்ஸ் எடுத்தேன். பின்மூலை தடுப்புச் சுவரில் இடித்தது. படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து வீடாக மாற்றிய பழைய வேன். ஃபைபர் மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

"பட்டி பாத்து பெயின்ட் அடிச்சிடலாம் சார்" என்றார் காட்பாடியில் ஒரு டிங்கர். மனசு ஒப்பவில்லை. விரிசலை மூட மேலே பூசும் வெறும் பட்டி, வண்டி குலுங்கக் குலுங்கப் பெயர்ந்துவிடும்.

சரி, நானே இறங்கினேன். விரிசல் மேலும் ஓடாமலிருக்க இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டேன். உள்ளே பிளைவுட்டைக் கழற்றினால் ஈரம், பூஞ்சை நாற்றம். அது இடித்ததால் வந்ததல்ல, பல வருஷ மழைத்தண்ணீர். நாலு நாள் காயவிட்டேன். அப்புறம் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, உள்பக்கம் மூன்று அடுக்கு ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு), அதை ஒட்டி இறுக வைக்கும் பாலியஸ்டர் ரெசின் என்ற பிசின்.

இங்கேதான் வேலூர் வெயில் வேலையைக் காட்டியது. பதினொரு மணிக்குக் கலந்த ரெசின், பிரஷ்ஷை முக்குவதற்குள் ஜெல்லியாக இறுகிவிட்டது. டப்பாவில் கை வைக்க முடியாத சூடு. அரை லிட்டர் பாழ். மறுநாள் விடியற்காலையில் ஒரு டம்ளர் அளவு மட்டும் கலந்தேன், ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரை 2 சதவீதத்திலிருந்து 1 ஆகக் குறைத்து. பதற்றமில்லாமல் பூச முடிந்தது.

வெளியே மெல்லிசாகப் பட்டி, 220, 400 உப்புத்தாள், பிரைமர், பெயின்ட். புது வெள்ளையின் நிறம் பழைய வெள்ளையோடு ஒத்துப்போகவில்லை. அந்த இடத்தில் என் மனைவி ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள்.