பித்தவெடிப்பு விழுந்த காலை இரவில் மூடிக் கட்டும் முறை

குதிகால் வெடித்து, காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போதே சுரீரென்று இழுக்கும் நாட்கள் எனக்கு நிறைய இருந்தன. கிரீம் பூசுவேன், விடிந்தால் பழைய சொரசொரப்பு. பூசிய பிறகு மூடிக் கட்ட ஆரம்பித்ததும்தான் மாற்றம் தெரிந்தது. ஆனால் எதைக் கொண்டு மூடுவது என்பதில் தவறிப்போய் ஒரு வாரம் வீணானது. அதனால் அந்தப் படியை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. இறந்த செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் சேர்ந்த கொழுப்பு அவற்றுக்கு நடுவே உள்ள சாந்து. நமக்கு வியர்க்காதபோதும் இந்தச் சுவர் வழியாக உடலின் நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். சாந்து உதிர்ந்தால் கசிவு கூடும், மேலடுக்கு காய்ந்து விறைக்கும், நடக்கும்போது வெடிக்கும். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது என்பதால் அங்கே இது இன்னும் எளிதில் நடக்கும்.

படி 1: மூடலாமா என்று பாருங்கள்

சீழ், கடுமையான சிவப்பு, படர்தாமரை, விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆகியவற்றில் எது இருந்தாலும் மூடவே வேண்டாம். மூடிய இடம் சூடும் ஈரமுமாக இருக்கும், பூஞ்சைக்கு அது கொண்டாட்டம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைத் தானாகத் தொடங்காமல் மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள்.

படி 2: ஊறவைத்துப் பூசுங்கள்

வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போதும். ஒற்றித் துடைத்து, ஈரப்பதம் மிச்சமிருக்கும்போதே பூசிவிட வேண்டும். முதலில் கிளிசரின் கலந்த கிரீம் மெல்லிசாக, அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி. முதலாவது நீரைப் பிடித்து வைக்கும், இரண்டாவது அது ஆவியாகாமல் தடுக்கும். வாசனை சேர்த்த விலை உயர்ந்த கால் கிரீம்கள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். வாசனையில்லாத சாதாரண பெட்ரோலியம் ஜெல்லிக்கு அவை எதுவும் ஈடில்லை என்பது என் முடிவு. மூடிய தோலுக்குள் எதுவும் கூடுதலாக இறங்கும் என்பதால் வாசனைப் பொருட்களைத் தவிர்ப்பதே நல்லது. யூரியா கிரீம் நன்றாக வேலை செய்யும், ஆனால் திறந்த வெடிப்பில் பட்டால் எரியும். வெடிப்பு மூடி ஆறிய பிறகு தொடங்குங்கள்.

படி 3: எதைக் கொண்டு மூடுவது?

நான் தவறியது இங்கேதான். நன்றாக மூடினால் நன்றாக ஆறும் என்று நினைத்து, உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் காலுறை போட்டுத் தூங்கினேன். முதல் நாள் காலையில் குதிகால் பஞ்சு மாதிரி இருந்தது, அவ்வளவு சந்தோஷம். நான்காம் நாள் தோல் வெளுத்துச் சுருங்கி, லேசாகத் தேய்த்தாலே உரிந்தது. கணுக்காலைச் சுற்றி வேர்க்குரு மாதிரி அரிப்பு. பிளாஸ்டிக்கை நிறுத்தியதும் முன்பைவிட வேகமாகக் காய்ந்தது.

காரணத்தைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நீர் கசிவதுதான் "சுவர் உடைந்திருக்கிறது, சாந்து பூசு" என்று தோலுக்குக் கிடைக்கும் செய்தி. தோல் ஆய்வாளர்கள் எலியாஸ், ஃபெயின்கோல்ட் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், முடியில்லாத எலிகளின் தோல் கொழுப்பை நீக்கிவிட்டு, நீராவி சற்றும் புகாத உறையால் மூடினார்கள். தோல் புதுக் கொழுப்பைத் தயாரிக்கும் வேலை முடுக்கம் பெறவில்லை, சுவரும் தேறவில்லை. நீராவி போகவிடும் உறையில் தேறியது. கசிவைக் குறைப்பது நல்லது, ஒரேயடியாக அடைத்துவிட்டால் பழுதுபார்க்கும் வேலை நின்றுபோகிறது. சரி, பெட்ரோலியம் ஜெல்லியும் அடைக்கத்தானே செய்கிறது? அது பிளாஸ்டிக் மாதிரி மேலே உட்கார்ந்திருப்பதில்லை, செல்களின் இடுக்குகளுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. தோலின் பழுதுபார்ப்பையும் அது தடுப்பதில்லை என்று அதே குழுவினர் பின்னர் கண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. தோலின் மேற்பரப்பு இயல்பில் சற்று அமிலத்தன்மை உள்ளது. நாள்கணக்கில் இறுக மூடினால் அந்த அமிலத்தன்மை குறைந்து, பாக்டீரியாக்கள் பெருகும்.

ஆகவே என் தேர்வு: தளர்வான பருத்திக் காலுறை. அவ்வளவுதான். அது களிம்பைப் போர்வையில் ஒட்டாமல் காக்கும், நீராவியையும் போகவிடும். உள்ளே சிலிக்கோன் பூசிய குதிகால் உறைகளைத் தொடக்கத்தில் வாங்காதீர்கள். அவையும் காற்றை அடைப்பவைதான். பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் அரை மணி, ஒரு மணி நேரத்தோடு கழற்றிவிடுங்கள்.

படி 4: காலையில் சோதியுங்கள்

காலுறையைக் கழற்றியதும் தோல் நெகிழ்ந்து, இயல்பான நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்துச் சுருங்கியிருந்தால் மூடியது அதிகம், அடுத்த இரவு விட்டுவிடுங்கள். விரலிடுக்கைத் துடைத்து உலர வையுங்கள், அங்கே களிம்பே வேண்டாம். எனக்கு இரண்டு வாரத்தில் வலி போனது. அப்புறம் வாரத்துக்கு இரண்டு இரவாகக் குறைத்துக்கொண்டேன்.

பின்சேர்க்கை

புண்ணை மூடி வைத்தால் சீக்கிரம் ஆறும் என்கிறார்களே, அது எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுவும் சரிதான். ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962இல் பன்றிகளின் மேலோட்டமான புண்களை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடிப் பார்த்தார். திறந்து விட்டவற்றைவிட மூடியவற்றில் புதுத்தோல் வேகமாகப் படர்ந்தது. புண்ணில் செல்கள் நகர்ந்து வந்து சேர ஈரம் வேண்டும். நம் குதிகாலில் நடப்பது சாந்து பூசும் வேலை, அது வேறு.

இன்னொருவர், மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பின்மேல் பிளாஸ்டிக் சுற்றியதாக எழுதியிருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மூடினால் மருந்து பல மடங்கு உள்ளே இறங்கும், தோல் மெலிந்துபோகும். மருத்துவரே மூடச் சொன்னால் மட்டும், அவர் சொன்ன நேரம் வரை.

கடைசியாக, படி 3இல் நான் எழுத மறந்தது: பெட்ரோலியம் ஜெல்லி ஊறிய துணி தீப்பிடித்தால் மளமளவென்று எரியும். அந்தக் காலுறையோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள். துவைத்தாலும் முழுவதும் போகாது என்பதால், இதற்கென்று ஒரு ஜோடியைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.