மேற்கோள் காட்டும் கட்டுரை இன்னும் செல்லுபடியாகிறதா? பார்ப்பது எப்படி

பிஎச்.டி. ஆய்வேட்டைச் சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். லேபில் ஜூனியராக இருக்கும் தங்கச்சி போன் செய்தாள். “அண்ணே, உங்க ரெண்டாவது அத்தியாயத்துல ஒரு ரெஃபரன்ஸ் ரிட்ராக்ட் ஆயிருச்சுண்ணே.” ஓடினேன். ஐந்து பிரதியில் இரண்டுக்கு அட்டை போட்டு முடித்திருந்தார் கடைக்கார அண்ணன்.

தப்பு என்னுடையதுதான். அந்தக் கட்டுரை ஒரு சீனியரின் பென் டிரைவிலிருந்து வந்தது. கட்டுரையை ஜர்னல் திரும்பப் பெற்ற செய்தி பென் டிரைவில் கிடக்கும் பிடிஎஃப்புக்கு எப்படித் தெரியும்?

படி 1: பிடிஎஃப்பை மூடுங்கள், ஜர்னல் பக்கத்தைத் திறங்கள்

கட்டுரையின் டிஓஐ, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான அடையாள எண்ணைக் கொண்டு பதிப்பாளரின் பக்கத்துக்கே போங்கள். திரும்பப் பெற்றிருந்தால் பெரும்பாலும் தலைப்புக்கு முன்னாலேயே ‘ரிட்ராக்டட்’ என்று இருக்கும். ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ பொத்தான் இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள்.

நூறு, இருநூறு ரெஃபரன்ஸ் இருந்தால் ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமை இருக்காது. ரெஃபரன்ஸ்களைச் சேமித்து வைக்கும் ஜோட்டெரோ மென்பொருளில் ஏற்றிவிடுங்கள், ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெற்ற கட்டுரைகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, சிக்கலானதைச் சிவப்பில் காட்டும். அந்தப் பட்டியலை 2023இல், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அந்த ஒரே ஆண்டில் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் எட்டாயிரத்துக்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்துடையவை.

படி 2: எந்த வகை அறிவிப்பு என்று படியுங்கள்

திருத்தம் என்றால் பயம் வேண்டாம். அச்சில் பதிப்பாளர் செய்த பிழைக்கு எர்ராட்டம், ஆசிரியர்கள் செய்த பிழைக்குக் காரிஜெண்டம் என்பது பழைய வழக்கம். முடிவு நிற்கும், எண்தான் மாறியிருக்கும். நீங்கள் எடுத்தாண்டது அந்த எண்ணா என்று மட்டும் பாருங்கள்.

‘எக்ஸ்பிரஷன் ஆஃப் கன்சர்ன்’ என்றால் சந்தேகம் எழுந்திருக்கிறது, விசாரணை முடியவில்லை. நானாக இருந்தால் அதை நம்பி ஒரு அத்தியாயம் எழுத மாட்டேன்.

ரிட்ராக்‌ஷன் என்றால் அந்த முடிவுகளை இனி நம்ப முடியாது. ஆனால் கட்டுரையை அழிப்பதில்லை. குறுக்கே முத்திரை போட்டு அங்கேயே வைத்திருப்பார்கள். யார் திரும்பப் பெற்றார்கள், ஏன் என்பதை அறிவிப்பில் சொல்ல வேண்டும் என்பது கோப் (COPE) என்ற பதிப்பு நெறிமுறை அமைப்பின் வழிகாட்டுதல். காரணத்தைக் கட்டாயம் படியுங்கள், ஏனென்றால் எல்லாமே மோசடி இல்லை. ஒரு பக்கம், தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு, மோசடி என்று பேர் வாங்கிய டாக்டர் வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை. அதை லான்செட் மருத்துவ ஜர்னல் திரும்பப் பெற 2010 ஆனது. இன்னொரு பக்கம், 2018இல் வேதியியல் நோபல் வாங்கிய ஃபிரான்சஸ் அர்னால்ட், சோதனை முடிவுகள் மறுபடி கிடைக்கவில்லை என்று 2020இல் தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற்று, அதை ட்விட்டரில் வெளிப்படையாகவும் சொன்னார். இரண்டுக்கும் ஒரே சொல்தான்!

விலக்கிக்கொள்ளுதல், அதாவது வித்டிராயல், பெரும்பாலும் வெளியாவதற்கு முன்பு நடப்பது.

படி 3: பிழை உங்கள் கட்டுரையில் இருந்தால்

முதலில் கைடிடமும் உடன் எழுதியவர்களிடமும் சொல்லுங்கள். அப்புறம் ஜர்னல் எடிட்டருக்கு மெயில்: எந்த அட்டவணை, என்ன தப்பு, சரியான எண் எது, அதனால் முடிவு மாறுகிறதா. கடைசிக் கேள்விதான் முக்கியம். மாறவில்லை என்றால் திருத்தத்தோடு முடியலாம். அடியோடு மாறினால் திரும்பப் பெறுவதுதான் வழி. முடிவு எடிட்டர் கையில்.

இன்னும் வெளியாகாத கட்டுரையை விலக்குகிறீர்களா? ‘சரி, விலக்கிவிட்டோம்’ என்று எழுத்தில் வரும்வரை வேறு ஜர்னலுக்கு அனுப்பாதீர்கள். விலக்கக் காசு கட்டு என்று மிரட்டும் ஜர்னல்களும் உண்டு. பணம் கட்டுமுன் கைடிடம் காட்டுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். அந்த ரெஃபரன்ஸ் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் தாங்கிக்கொண்டிருந்தது. வாக்கியத்தையும் அதையும் நீக்கிவிட்டு, பின்னால் வரும் எண்களை எல்லாம் மாற்றி, மறுபடி பிரிண்ட் எடுத்தேன். பிரித்த இரண்டு அட்டைக்கும் அண்ணன் தனிக் காசு வாங்கிக்கொண்டார்.