எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் காட்டுயிர்களைப் படம்பிடிக்க

ஃபுளோரிடாவின் தென்முனையில் 1947-இல் தொடங்கப்பட்ட எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குக் கேமராவுடன் செல்பவர், எந்த லென்ஸ் என்று யோசிப்பதற்கு முன் எந்த மாதம் என்று யோசிக்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை எங்கும் நீர் பரவிக் கிடப்பதால் உயிரினங்கள் சிதறிவிடும், கொசுத்தொல்லையும் மிகுதி. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நீர் வற்ற வற்ற, மீன்கள் எஞ்சிய பள்ளங்களில் ஒதுங்க, அவற்றைத் தேடிக் கொக்குகளும் நாரைகளும், முதலையை ஒத்த ஊர்வனவான அலிகேட்டர்களும் அங்கேயே கூடும். அப்பள்ளங்களில் பலவற்றைத் தோண்டியவை அலிகேட்டர்களே.

முதல் நாளை ராயல் பாம் பகுதியின் அன்ஹிங்கா நடைபாதைக்கே ஒதுக்குங்கள். போய்வர ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர்தான் என்றாலும் ஒரு காலைப்பொழுது போதாது. குளிரூட்டிய காரிலிருந்து எடுத்தவுடன் லென்ஸில் நீர் படியும் என்பதால், கேமராப் பையைத் திறக்காமல் சற்று நேரம் வெளியே வைத்திருங்கள். அங்குள்ள பிணந்தின்னிக் கழுகுகள் கார்களின் ரப்பர் பட்டைகளைக் கொத்திப் பிய்ப்பதால், வண்டியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு நடங்கள்.

அன்ஹிங்கா என்பது வேடந்தாங்கலில் நாம் காணும் பாம்புத்தாராவின் நெருங்கிய உறவு. நீருக்குள் மூழ்கி மீனை அலகால் குத்தி மேலே வரும். பிறகு தலையை உதறி மீனை விடுவித்து, காற்றில் எறிந்து, தலைப்பக்கமாக விழுங்கும். அந்த எறிதல் ஒரு நொடிகூட நீடிக்காது. எனவே மீனோடு பறவை தலைதூக்கியதுமே கண்ணில் ஃபோகஸைப் பூட்டி, ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைத்து, தொடர் படப்பிடிப்பைத் தொடங்கிவிடுங்கள். கரிய உடல் படச்சட்டத்தை நிறைக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியளவை, சற்றே குறைக்க வேண்டும். அதேபோல், இருண்ட நீரின் முன் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு ஒரு ஸ்டாப் அளவு (ஒளி பாதியாகும்படி) குறைக்காவிட்டால் இறகின் நுண்வரிகள் வெளுத்து மறைந்துவிடும். இழந்த அந்த வரிகளைக் கணினியில் மீட்கவே முடியாது.

அலிகேட்டரிடமிருந்து குறைந்தது 15 அடி விலகியே நில்லுங்கள். உணவு கொடுப்பதும் டிரோன் பறக்கவிடுவதும் சட்டப்படி குற்றம்.

நேரமிருந்தால் நுழைவாயிலிலிருந்து 61 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஃபிளமிங்கோ படகுத்துறைக்குச் செல்லுங்கள். அலிகேட்டரும் அமெரிக்க முதலையும் ஒருசேர வாழும் தென்ஃபுளோரிடாவில், முதலையைக் காண ஏற்ற இடம் அது. பக்கவாட்டிலிருந்து எடுத்தால், குறுகிய மூக்கும் வாய் மூடியபோதும் வெளியே தெரியும் கீழ்ப்பல்லும் படத்தில் விழும். எது முதலை என்பதை அப்பல்லே காட்டிவிடும்.