பல் சிகிச்சைக்குப் பயமா? உங்களுக்கு ஏற்ற மயக்க முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ரூட் கெனால் என்று சொன்னதுமே "முழுசா மயக்கம் கொடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை.

படி 1: எதற்குப் பயம் என்று கண்டுபிடியுங்கள்

ஊசிக்கா, டிரில் சத்தத்துக்கா, வாய்க்குள் ஏதாவது வைத்தாலே குமட்டுகிறதா? ஊசிதான் பிரச்சினை என்றால், முதலில் ஈறில் மரத்துப்போகும் ஜெல் தடவச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் அந்த இடம் மரத்துவிடும், ஊசி குத்துவது அவ்வளவாகத் தெரியாது. சத்தம்தான் பயம் என்றால் இயர்போனில் பாட்டு. "நான் கையைத் தூக்கினால் நிறுத்திவிடுங்கள்" என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதும் நல்லது. பலருக்கு விஷயம் இதோடு முடிந்துவிடும்.

படி 2: இரண்டு மருந்துகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

பல்லைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசி வலியை மறைக்கும், பதற்றத்தைக் குறைக்காது. கீழே சொல்லப்போகும் மருந்துகள் பதற்றத்தைத்தான் தணிக்கும். அதனால் இவற்றைக் கொடுத்தாலும் பல்லுக்கான ஊசி உண்டு.

படி 3: லேசானதிலிருந்து தொடங்குங்கள்

சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடுதான் என் முதல் தேர்வு. ஆக்சிஜனோடு கலந்து மூக்கில் ஒரு சின்ன மாஸ்க் வழியாகக் கொடுப்பார்கள். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள். சில நிமிடங்களில் கை கால் லேசாகி, யாரோ எங்கேயோ பல்லைப் பார்ப்பது போல இருக்கும். தூங்க மாட்டீர்கள், கேட்டால் பதில் சொல்வீர்கள். முடிந்ததும் சில நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் 1844-லேயே இந்த வாயுவைச் சுவாசித்துக்கொண்டு, இன்னொரு பல் டாக்டரை வைத்துத் தன் பல்லைப் பிடுங்கச் செய்தார், அவ்வளவு பழைய முறை! ஆனால் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் வேலை செய்யாது. எல்லா கிளினிக்கிலும் இந்த வசதி இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்தது மாத்திரை. டயசெபாம் போன்றதைச் சிகிச்சைக்குச் சுமார் 1 மணி நேரம் முன் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். வீட்டில் யாருக்கோ வாங்கிய தூக்க மாத்திரையை நீங்களாக எடுத்துப் போடக் கூடாது.

அதற்கும் மேல், நரம்பில் மிடசோலாம் ஏற்றுவது. அரைத்தூக்கமாக இருக்கும், நடந்தது பலருக்குப் பிறகு நினைவிருக்காது. இதில் மூச்சு மந்தமாகலாம். ஆகவே நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியும், அதைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். முழு மயக்கம் ஆஸ்பத்திரியில், மயக்க மருந்து நிபுணர் இருந்தால் மட்டும்.

படி 4: எதையும் மறைக்காதீர்கள்

கர்ப்பம், ஆஸ்துமா, பலத்த குறட்டை, சமீபத்தில் செய்த கண் அறுவை சிகிச்சை, தினமும் போடும் மாத்திரைகள், குடிப்பழக்கம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுவார்கள். மதுவும் இந்த மருந்துகளும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

படி 5: சிகிச்சை நாள்

சாப்பிடலாமா, எத்தனை மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். மாத்திரை அல்லது நரம்பு வழி மருந்து என்றால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அப்புறம் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டாதீர்கள், பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கன்னம் மரத்திருக்கும்வரை சூடான காபியும் வேண்டாம், உதடு வெந்தாலும் தெரியாது.