குறுந்தொகைப் பாட்டு ஒன்று, பிள்ளையோடு 25 நிமிடம்

9 வயதிலிருந்து 12 வரைக்கும் இந்த முறை நன்றாக வரும். எடுத்துக்கொள்வது குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. 6 அடிதான். புதுக் குடித்தனம், ஒரு குழம்பு, சாப்பிடும் கணவன்.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

1. ஏ4 தாளில் பெரிய எழுத்தில், வரிக்கு வரி ஒரு விரல் இடம் விட்டு அச்செடுங்கள். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். இணையத்தில் ‘தான்றுழந் தட்ட’ என்று சேர்த்தே கிடக்கும். மேலே இருப்பதுபோல் பிரித்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரை வேண்டாம், அதில் கோடு போட முடியாது. உ.வே.சா. உரை உங்கள் மடியில் இருக்கட்டும், பிள்ளை கையில் வேண்டாம்.

2. பொருள் சொல்லாமல் 2 முறை வாசியுங்கள். ‘கழாஅது’, ‘உடீஇ’ இரண்டையும் கொஞ்சம் நீட்டுங்கள். பொழிப்புரையை முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைக்குத் தேட ஒன்றும் மிஞ்சாது. தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

3. கொடுக்க வேண்டிய சொற்கள் இவ்வளவே: முளிதயிர், முற்றிய தயிர். கலிங்கம், துணி. குய், தாளிப்பு. கழும, நிறையும்படி. துழந்து, துழாவி. அட்ட, சமைத்த. பாகர், குழம்பு. ஒண்ணுதல், ஒளியான நெற்றி உடையவள். செங்காந்தள் படம் ஒன்றைக் காட்டிவிடுங்கள். அந்த ஒடுங்கிய இதழைப் பார்த்தால் ‘காந்தள் மெல்விரல்’ தானே விளங்கும்.

4. “பாட்டு எதைப் பற்றியது?” என்று தொடங்கினால் “தெரியல” என்றுதான் பதில் வரும். விரல் வைத்துக் காட்டக்கூடியதைக் கேளுங்கள். கையில் என்ன ஒட்டியிருக்கிறது? கண்ணில் எது பட்டது? எது துவைக்காமல் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பாதிப் பிள்ளைகள் “கை” என்பார்கள். தவறு என்று சொல்லாதீர்கள், 2-ஆம் அடியை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். விரலைத் துடைத்த துணியைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள் என்பது உரை. ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்று கேட்டால், “அடுப்புல குழம்பு இருக்குல்ல” என்று வரும். கேட்டுவிட்டு மனசுக்குள் 10 எண்ணுங்கள். பெரியவர்கள் 3-இலேயே பதிலை எடுத்துக்கொடுத்துவிடுகிறோம்.

5. சிக்கல் ‘மகிழ்ந்தன்று’வில். இன்றைய காதுக்கு இது ‘மகிழவில்லை’ என்று கேட்கும், அல்லது ‘மகிழ்ந்த அன்று’ என்று. இரண்டும் இல்லை. பழந்தமிழில் ‘மகிழ்ந்தன்று’ என்றால் மகிழ்ந்தது. முகம் மகிழ்ந்தது, அதுவும் நுண்ணிதின், வெளியே தெரிந்தும் தெரியாமலும். இந்த ஒன்றை மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஊகிக்க விட்டால் பாட்டே தலைகீழாகிவிடும். பிறகு அந்த முகத்தை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தால் ‘நுண்ணிதின்’ என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினால் போதும்.

6. கடைசிக் கேள்வி: குழம்பு உண்மையிலேயே நன்றாக இருந்ததா? கணவன் ‘இனிது’ என்று வாயால் சொன்னானா, மனத்தால் எண்ணி உண்டானா என்பதற்கு இரண்டு பக்கமும் பேச இடமிருக்கிறது. கூர்மையான பிள்ளை 4-ஆம் அடியில் ‘தீம்’ என்ற சொல்லைப் பிடிக்கும்: “இனிப்பான புளிப்புன்னே இருக்கே!” அப்போது சொல்லுங்கள், இதைச் சொல்பவள் செவிலித்தாய், வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, பெண்ணைப் பெற்ற நற்றாயிடம் சொல்கிறாள். வளர்த்தவள் வேறு எப்படிச் சொல்வாள்? இங்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவரவர் விடைக்கு ஒரு சொல்லின் கீழே கோடு போட்டால் போதும்.

பின்சேர்க்கை: “அவன் ஏன் சமைக்கல?” என்ற கேள்வி வரத்தான் செய்யும். அந்தக் காலம் அப்படி என்று மூடிவிடாதீர்கள். ‘தான்’ துழந்து அட்ட என்று அழுத்தியிருப்பது எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். தமிழ் சரளமாக வாசிக்க வராத பிள்ளை என்றால் நீங்கள் வாசியுங்கள், அது அடிக்கு ஒரு படம் வரையட்டும். அடுத்த வாரத்துக்குக் குறுந்தொகை 3 சரியாக இருக்கும்: நிலம், வான், நீர், மூன்று அளவுகள், 4 அடி.